கல்லெழுத்தும் கணிப்பொறி இலக்கணமும்: புதுக்கோட்டைக் கல்வெட்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்த் தொடரொன்றை எழுத்தாகவும் சொல்லாகவும் பகுத்து, இன்ன சொல் இன்ன சொல்லோடு இயைந்து நிற்கின்றது எனக் காட்டும் பணியை இன்று கணிப்பொறி ஓரளவு திறம்படவே செய்கின்றது. கணினிமொழியியல் என வழங்கும் இத்துறையின் தமிழாய்வுகள் பெரும்பாலும் இக்கால எழுத்து நடையையே களமாகக் கொண்டுள்ளன. செய்தித்தாளின் தமிழைப் பகுத்தறியக் கற்ற பொறி, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கல்லில் வெட்டப்பட்ட தமிழையும் அவ்வாறே பகுத்தறியுமா? அறியாதெனின் தடை எவ்விடத்தே உளது? இவ்வினாக்களைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்வெட்டுகளை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புதுக்கோட்டையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொண்டைமான் மன்னரது ஆட்சியில் தனியரசாக இருந்து, 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974 சனவரி 14-இல் தனி மாவட்டமான இந்நிலப்பகுதி, பரப்பிற் சிறிதாயினும் கல்வெட்டு வளத்திற் பெரிது. சித்தன்னவாசல் குன்றின் தமிழ்ப் பிராமி எழுத்துத் தொடங்கிப் பாண்டியர், முத்தரையர், சோழர், விசயநகர வேந்தர் காலங்களைக் கடந்து தொண்டைமான்கள் காலம்வரை தொடர்ச்சி அறாத சான்றுகளை இங்குக் காண்கின்றோம். தனியரசுக் காலத்திலேயே, 1910-இல், அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. கல்வெட்டு மூலங்கள் அரசமரபு வரிசையில் தொகுக்கப்பெற்று 1929-இல் அச்சேறின. கே. ஆர். சீனிவாச ஐயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1941 முதல் வெளிவரலாயிற்று. ஒரே வட்டாரத்து மொழி, ஈராயிரம் ஆண்டு நீட்சி, அச்சிட்ட மூலம், அதற்கு மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் ஒருங்கே வாய்த்த இடம் தமிழகத்தில் மிகுதியாக இல்லை. கணிப்பொறிக்குக் கல்வெட்டுத் தமிழைக் கற்பிக்க விழைவார் முதற்கண் நாடத் தக்க களம் இதுவே என்பது எம் துணிபு.

ஆயினும் இவ்வாய்ப்பினுள்ளே ஓர் இடர்ப்பாடும் மறைந்து நிற்கின்றது. கணிப்பொறிக்கு ஊட்டப்பெறுவது கல் அன்று, அச்சு. கல்வெட்டைப் பதிப்பித்த அறிஞர் புள்ளியிட்டும், குறில் நெடில் வேறுபடுத்தியும், சொல் பிரித்தும் அளித்த பாடமே பொறியின்முன் வைக்கப்படுகின்றது. அப்பாடத்தைக் கற்ற பொறி கல்லைக் கற்றதாகாது. பதிப்பாசிரியரின் தீர்ப்பையே கற்றதாகும். அத்தீர்ப்பு பெரும்பான்மையும் சரியானதே. எனினும் ஐயத்திற்குரிய இடம் எது, ஐயமற்ற இடம் எது என்னும் வேறுபாடு அச்சில் மறைந்துவிடுகின்றது. இதன் விளைவைப் படிப்படியாக நோக்குவாம்.

முதற்கண் பொறி எவ்வாறு பகுக்கின்றது என்பதைச் சிறிது கூறுதல் வேண்டும். நன்னூலார் பதத்தின் உறுப்புகளாகப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு கூறினார். அவ்வுறுப்புகளை இணைத்துச் சொல்லாக்கும் விதிகளையே நம் இலக்கணங்கள் பேசுகின்றன. பொறிக்கு வேண்டுவது அவ்விதிகளின் மறுதலை. அஃதாவது முடிந்த சொல்லிலிருந்து உறுப்புகளுக்குச் செல்லும் வழி. ஒரே விதித்தொகுதியை இருபுறமும் இயக்கும் முறையைப் பின்லாந்து அறிஞர் கிம்மோ கொசுகென்னியெமி 1983-இல் வகுத்தளித்தார். ஒட்டுநிலை மொழியாகிய பின்னிசுக்கென எழுந்த அம்முறை, அதே இயல்புடைய தமிழுக்கும் நன்கு பொருந்திற்று. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பிறவிடங்களிலும் சொற்பகுப்பிகள் பல ஆக்கப்பெற்றுள்ளன. சொற்பகுப்புக்கு மேலே நிற்பது தொடர்ப்பகுப்பு. தொடரின் ஒவ்வொரு சொல்லும் எதனைச் சார்ந்து நிற்கின்றதெனக் குறித்து வைத்த தொகுப்பொன்றை இலோகநாதன் இராமசாமி முதலானோர் செக்கு நாட்டின் பிராகு நகரத்துச் சார்லசு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினர். அதில் உள்ளவை 600 செய்தித்தாள் தொடர்கள். தாமசு லேமன் 1989-இல் எழுதிய இக்காலத் தமிழ் இலக்கணத்தின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பின்னர் எழுந்த மற்றொரு தொகுப்பு 534 தொடர்கள் உடையது. இரண்டும் பயனுடையனவே, இரண்டும் இக்காலத் தமிழே.

இனி எழுத்துக்கு வருவோம். மெய் புள்ளி பெறும் எனவும், எகர ஒகரங்களும் புள்ளி பெறும் எனவும் தொல்காப்பியம் விதித்திருப்பினும், இடைக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி அருகியே காணப்படும். எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பால் எழுதப்படும். பிற்காலக் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் ரகரமும் ஆகாரக் காலும் வடிவில் ஒன்றாகிவிடுகின்றன. இம்மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் நேர்வது யாது? ஒற்றைக் கொம்பு, பகரம், அதன்பின் ஒரு கால் என்னும் வரிவடிவைக் கொள்வோம. காலை உயிர்க்குறியாகக் கொண்டால் 'பொ' எனவும் 'போ' எனவும் படிக்கலாம். அதனையே ரகரமாகக் கொண்டால் 'பெர', 'பேர', 'பெர்', 'பேர்' என நான்கு படிப்பு எழும். ஆக ஒரே வடிவுக்கு ஆறு ஒலிப்பு. இவற்றுள் 'போ' வினைப்பகுதி, 'பேர்' பெயர்ச்சொல். எழுத்தில் தோன்றும் ஐயம் சொல்வகையையே மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவ்வளவு ஐயம் இருந்தும் அக்கால மக்கள் தடையின்றிப் படித்தனர் அன்றோ? அதன் காரணம் மொழியின் கட்டுக்கோப்பு. கோயிற் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் 'நந்தாவிளக்கு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். புள்ளியின்றி எழுதுமிடத்து இதில் ஏழு எழுத்துகள் நிற்கும். அவற்றுள் ந, ந, ள, க என்னும் நான்கும் உயிர்க்குறி அற்றவை. ஒவ்வொன்றும் மெய்யாகவோ அகரமேறியதாகவோ இருக்கலாமாதலின் 16 படிப்புகள் எழும். தனிமெய் மொழிமுதலாகாது என்னும் விதி 8-ஐ நீக்கும். ளகர ஒற்றின்பின் ககரம் இரட்டித்து வாராது என்னும் மெய்ம்மயக்க விதி மேலும் 2-ஐ நீக்கும். எஞ்சிய 6-இல் அகராதி ஒன்றனையே ஏற்கும். நூன்மரபிலும் மொழிமரபிலும் தொல்காப்பியர் வகுத்த விதிகள் எழுத்துப் புணர்ச்சியின் அழகுக்காக எழுந்தவை என்று கருதுவார் உளர். புள்ளியற்ற எழுத்தைப் படிக்கும் வழிகாட்டியாக அவை எத்துணைப் பயன்படுகின்றன என்பதைக் கணிப்பொறியின் தேவையே நமக்கு வெளிப்படுத்துகின்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் அறிஞர் கிப்டு சிரோமணி, தமிழ் உரைநடையில் ஓர் எழுத்து எவ்வளவு செய்தியைச் சுமக்கின்றது என்பதை அளந்து 1963-இலேயே கட்டுரை வெளியிட்டார். ஒரு மொழியில் எழுத்தின் சுமை எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு விடுபட்டதை நிரப்பிப் படிக்க இயலும். புள்ளி இல்லாமையைத் தமிழர் தாங்கிக்கொண்டமைக்கு இதுவே அடிப்படை.

ஆனால் காலும் ரகரமும் மயங்கும் காலத்துக் கல்வெட்டாயின், அதே சொல்லை 'நந்தர்விளக்கு' எனவும் படிக்க இடமுண்டு. நந்தர் என்பார் ஒருவர் வைத்த விளக்கு எனப் பொருளும் நேர்படும்; எழுத்து விதி எதுவும் அதனைத் தடுக்காது. 'நந்தாவிளக்கு' என்பதே சரி என்று நாம் துணிவது, அது நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் கொடைப்பொருளாக வருதலைக் கண்ட பழக்கத்தால். இப்பழக்கத்தை எண்ணிக்கையாக மாற்றிப் பொறிக்கு அளிக்கலாம். இக்காலத்துக் கற்கும் பொறிகள் இயங்குவதும் இவ்வாறே. மிகுதியும் வருவதே சரியானது என்பது அவற்றின் அடிப்படைக் கொள்கை. இங்கேதான் ஆய்வாளன் விழிப்பாக இருத்தல் வேண்டும். நந்தர் என்னும் பெயருடையான் ஒருவன் உண்மையிலேயே ஓரூரில் விளக்கு வைத்திருப்பின், பொறி அவனை வரலாற்றிலிருந்து ஓசையின்றி அழித்துவிடும். அருகி வருவதைத் தேடுவதே கல்வெட்டாய்வின் பெரும்பயன். பெருகி வருவதை நாடுவதே பொறியின் இயல்பு.

எழுத்துக்குக் குறியெண் வழங்கும் முறையும் இவ்விடரை மிகுவிக்கின்றது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் புள்ளியிடாத 'க' அகரமேறிய உயிர்மெய்யே. கல்லில் புள்ளியின்றி நின்ற எழுத்தை 'க' என உள்ளிட்டால் பொறி அதனை அகரத்தோடு கூடியதாகவே கொள்ளும். 'க்' என உள்ளிட்டால் கல்லில் புள்ளி இருந்ததாகவே பொருள்படும். இரண்டும் கல்லுக்கு உண்மை அல்ல. பிராமி எழுத்துக்கு 2010-இல் இடமளித்த ஒருங்குறி, பழந்தமிழ்ப் புள்ளிக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் 2021-இல் தனிக் குறியெண்கள் சேர்த்தது நன்முயற்சியே. ஆயினும் 'இவ்வெழுத்து இன்னும் தீர்மானிக்கப்படவில்லை' என்பதைக் குறிக்க எக்குறியெண்ணும் உதவாது. அது தொகுப்பாளன் தனியே குறித்துக் கொடுக்க வேண்டுவது.

சொல்நிலையிலும் இதனையொத்த செய்தி உண்டு. கல்வெட்டில் 'கொடுத்தோம்' என்பது 'குடுத்தோம்' எனவும், 'நந்தா' என்பது 'நுந்தா', 'நொந்தா' எனவும் வருதல் பெருவழக்கு. பிழைதிருத்தும் பொறி இவற்றை நேராக்கிவிடும். மொழிவரலாற்றானுக்கோ இவையே செல்வம். 1250 முதல் 1350 வரையுள்ள கல்வெட்டுத் தமிழை விளக்கி ச. அகத்தியலிங்கமும் செ. வை. சண்முகமும் எழுதிய நூல் 1970-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இத்தகைய விளக்க இலக்கணங்களே பொறியின் விதித்தொகுதிக்கு மூலமாதல் வேண்டும். இக்கால இலக்கணத்தை அளவுகோலாக்கிப் பழந்தமிழை வழுவெனக் கொள்ளுதல் தகாது.

பெயர்களின் அமைப்பு இன்னும் நுட்பமானது. நார்த்தாமலையில் உள்ள விசயாலய சோழீச்சுரம் சிதைவுற்றபின் அதனைப் புதுக்கியவனாகக் கல்வெட்டுக் குறிப்பவன் மல்லன் விடுமன் ஆன தென்னவன் தமிழதிரையன். நான்கு பெயர்ச்சொற்கள்; ஓர் 'ஆன'. மனிதன் ஒருவனே. 'ஆன' என்னும் பெயரெச்சம் இயற்பெயரையும் பட்டப்பெயரையும் ஒருவனிடத்தே இணைக்கின்றது என்பதைப் பொறிக்குக் கற்பித்தல் எளிது. அதன் இருபுறத்தும் உள்ள தொகைகளோ வடிவில் ஒன்றாயினும் உறவில் வேறு. மல்லன் விடுமன் என்பது மல்லன் மகனாகிய விடுமன் என முறைப்பொருளில் விரியும். தென்னவன் தமிழதிரையன் என்பதில் தென்னவன் தந்தை அல்லன், பட்டம் ஈந்த பாண்டிய வேந்தனது பெயர். உருபு எதுவும் வெளிப்படாத இவ்விடத்தில், 'ஆன' என்பதற்கு முன்னுள்ள தொகை இவ்வாறு விரியும், பின்னுள்ளது அவ்வாறு விரியும் என இடம் நோக்கி விதி செய்தல் வேண்டும். நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு அடைவு செய்து 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அதன் பயனை இன்றும் நுகர்கின்றோம். அவர்கள் பெயர்களைக் கையாற் பிரித்துப் பொறிக்கு அளித்தனர். பிரித்தலையே பொறியிடம் ஒப்படைக்க விழையும் இன்றைய ஆய்வாளன் அவர்தம் அடைவை வழிகாட்டியாகக் கொள்ளுதல் நன்று.

இவ்விடத்தே ஒன்று சொல்லிச் செல்வோம். குடுமியான்மலையின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டில் வரிவரியாக நிற்பவை சுரங்கள். அவற்றையும் மொழியெனக் கருதிச் சொல் தேடும் பொறிக்குச் சொற்கள் கிடைக்கவே செய்யும்! மொழியல்லாததை அறிந்து ஒதுக்குதலும் பகுப்பின் ஒரு கூறே.

தொடர்நிலையில்தான் கல்வெட்டுத் தமிழ் தன் முழு வன்மையையும் காட்டுகின்றது. நிலவிற்பனை ஆவணமொன்றில் 'ஊராயிசைந்த ஊரோம்' என எழுவாய் தொடக்கத்தில் வரும். 'விற்றுக் கொடுத்தோம்' என்னும் பயனிலை பல வரிகட்குப் பின்னர் வரும். 'ஊரோம்' என்பது பெயரா வினையா? ஊரினேமாகிய நாங்கள் எனப் பொருள்தந்து தன்மைப் பன்மை விகுதி ஏற்ற இச்சொல், தொல்காப்பியர் கூறும் குறிப்புவினையின் பாற்பட்டு, ஈண்டு வினையாலணையும் பெயராக நிற்கின்றது. 'நாட்டோம்', 'சபையோம்' என்பனவும் இவ்வாறே. செய்தித்தாள் தமிழில் இவ்வடிவங்களைக் காண்டல் அரிது. ஆதலின் அத்தமிழைக் கற்ற பொறி 'ஊரோம்' என்பதனை ஒரு முற்றுவினையாக மயங்கி, அவ்விடத்தே தொடரை முடித்துவிடக் கூடும். முடித்துவிடின் விற்றவர் யாவர் என்பதே அறுந்துபோம். தமிழிலக்கணம் அறிந்தார் இத்துறைக்கு இன்றியமையாதவர் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய காரணம்.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நிற்பது எல்லை கூறும் பகுதி. கீழெல்லை இன்ன குளத்துக்கு மேற்கும், தென்னெல்லை இன்ன வயலுக்கு வடக்கும், மேலெல்லை இன்ன பெருவழிக்குக் கிழக்கும், வடவெல்லை இன்னவூர் எல்லைக்குத் தெற்கும் எனக் கூறி, இந்நான்கெல்லைக்குட்பட்ட நிலம் எனத் தொகுப்பது வழக்கு. கீழெல்லைக்குப் பயனிலை 'மேற்கு' என்பது முதலில் படிப்பார்க்கு முரணாகத் தோன்றும். விற்கும் நிலம் குளத்துக்கு மேற்கே உள்ளதாதலின் குளம் நிலத்தின் கிழக்கெல்லையாயிற்று என்பது சற்று எண்ணின் விளங்கும். பொறி இதனை எவ்வாறு கொள்ளும்? 'கொடுத்தோம்' என்னும் வினைக்குக் கொள்வோனைக் 'கு' உருபு உணர்த்தும் என்பது அது கற்ற பாடம். எனவே குளத்துக்கும் வயலுக்கும் பெருவழிக்கும் நிலத்தைக் கொடுத்துவிடும்! எல்லைப்பொருளில் நான்காம் உருபு வருதலை நம் இலக்கண நூலார் வேற்றுமை மயக்கத்துள் தெளிவாகக் காட்டியுள்ளனர். திசைப்பெயர் அடுத்து நிற்பின் 'கு' அதனையே சாரும், வினையைச் சாராது என ஒரு விதி சேர்த்தால் இடர் பெரிதும் நீங்கும். விளையாட்டாகத் தோன்றும் இப்பிழை விளைவிற் பெரிது. குளம், கால், பெருவழி, ஊரெல்லை ஆகியவற்றின் பழைய இருப்பிடங்களை நாம் அறிவது இவ்வெல்லைக் கூற்றுகளால் அன்றோ? சார்பு ஒன்று பிறழின் வரைபடமே பிறழும்.

இதே 'கு' உருபு இம்மாவட்டத்தின் மிகப் பழைய கல்வெட்டிலும் சிக்கலாக நிற்றல் வியப்புக்குரியது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் எனப்படும் குகையில், சமணத் துறவியர் கற்படுக்கையின்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு தொடர் உளது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பர். இவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டிற் படித்த கட்டுரையில் நிறுவினார். உயிர்க்குறிகள் எழுதப்பெற்ற முறை காலந்தோறும் வேறுபட்டமையைக் கண்டு அதனை மூன்றாக வகுத்தவர் ஐராவதம் மகாதேவன். அவர்தம் முழுத்தொகுப்பு 2003-இல் வெளிவந்தது. அவரே சிந்துவெளி எழுத்துகளைக் கணிப்பொறியால் அடைவு செய்து 1977-இல் வெளியிட்டவர் என்பதும் இங்கு நினையத் தக்கது.

அத்தொடர், எருமி நாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பானைக் கூறி, இளயர் செய்த இருக்கையைக் கூறுகின்றது. இடையில் உள்ள எழுத்துகளைக் 'காவுடி ஈதென்கு' எனச் சேர்த்துப் படித்தால், 'கு' நான்காம் உருபாகி, இருக்கையைப் பெற்றவன் பெயரை ஏற்று நிற்கும். 'தென்கு சிறுபொசில்' எனச் சேர்த்தால் அதே 'கு' ஊர்ப்பெயரின் பகுதியாகி, செய்தவர்தம் இடத்தைச் சுட்டும். பெற்றவனைச் சுட்டும் உருபு அப்பொழுது வெளிப்பட இராது. ஓரெழுத்தின் சார்பால் ஓர் ஊரின் பெயரே மாறுகின்றது. 'அதிட்டானம்' என்னும் சொல் 'அதிட்' எனவும் 'அனம்' எனவும் இடையே உயிரெழுத்துத் தனித்து நிற்குமாறு வெட்டப்பட்டுள்ளது. உயிர் மொழிமுதலில்தான் தனித்து வரும் என்னும் விதியை மட்டும் கற்ற பொறி அங்கே சொல்லைப் பிளந்துவிடும். 'எருமி', 'இளயர்' என்பவற்றை 'எருமை', 'இளையர்' எனத் திருத்திப் பதிந்தாலோ, ஐகாரத்தின் பழைய ஒலிப்புப் பற்றி எண்ணுதற்குரிய சான்று இரண்டு அழியும்.

ஆகவே தொகுப்புச் செய்யப் புகுவார் ஒவ்வொரு கல்வெட்டையும் மூன்று அடுக்காகப் பதிதல் வேண்டும் என்கின்றோம். முதல் அடுக்கில் கல்லில் உள்ள வடிவம் மட்டும். புள்ளி இல்லையேல் இல்லை என்னும் குறிப்போடு. இரண்டாவதில் பதிப்பாசிரியர் படிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட படிப்பு இருப்பின் அனைத்தும். மூன்றாவதில் சொல்லும் தொடரும் பகுத்த பகுப்பு. ஒவ்வொரு பகுப்பும் எப்படிப்பைச் சார்ந்தது என்னும் சுட்டோடு. பொறி தன் விடையை ஒன்றாக அன்றி வரிசையாகத் தருதல் வேண்டும். சித்தன்னவாசல் தொடருக்கு இரண்டு பகுப்பும் திரையில் தோன்றுதல் வேண்டும். இம்முறை உழைப்பை மிகுவிக்கும் என்பது உண்மையே. 1929-ஆம் ஆண்டுப் பதிப்பை அப்படியே உள்ளிட்டால் இரண்டாம் அடுக்கு விரைவில் நிறையும். முதல் அடுக்குக்கோ மைப்படிகளையும் கல்லையுமே நாடுதல் வேண்டும். வெயிலும் மழையும் படும் சுவர்களில் எழுத்துகள் தேய்ந்துகொண்டே வருதலின், முதுகலை மாணவர் பணியைத் தொடங்க வேண்டிய இடம் முதல் அடுக்கே. எல்லைப்பகுதி விரிவாக உள்ள நிலவிற்பனை ஆவணங்களை முதலில் எடுத்துக்கொண்டால், 'கு' உருபின் சார்பு பற்றி மேலே கூறிய விதி எத்துணை இடங்களிற் பொருந்துகின்றது என்பதையும் உடனே எண்ணிப் பார்த்துவிடலாம்.